மூச்சுக்குழல் செருகல் காயங்கள்

பொது மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு மூச்சு தடைபடாமலிருக்க, வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ ஒரு குழாயைக் குரல்வளையைக் கடந்து மூச்சுக்குழலில் கொண்டு நிறுத்துவார்கள். அந்தக் குழாயாலோ, அதை நுழைக்கும் கருவிகளாலோ உதடு, பல், தொண்டை, குரல்நாண், மூச்சுக்குழல், அரிதாக உணவுக்குழல் ஆகியவற்றுக்கு நேரும் சேதங்கள் செருகல் காயங்கள் எனப்படும். இவற்றுள் மிகுதியானவை இரண்டொரு நாளில் தாமே ஆறிவிடும் தொண்டை வலியும் குரல் கம்மலும். குரல்நாணில் இரத்தக்கட்டு, குரல்வளையின் அரிட்டினாய்டு குருத்தெலும்பு இடம் பெயர்தல், சதைமுளை, மூச்சுக்குழல் சுருக்கம், மூச்சுக்குழலின் பின்சுவர் கிழிதல், உணவுக்குழலில் துளை விழுதல் ஆகியவை எண்ணிக்கையில் குறைவு, விளைவில் கொடியவை.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங் தொடங்கி வடக்கே சபாக் பெர்ணம் வரை உள்ள தோட்டப்புறத்துக்கு இக்காயங்களின் வரலாற்றில் இரு வகையில் தொடர்புண்டு. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மூச்சுக்குழலில் செருகப்பட்ட குழாய் இயற்கை ரப்பரால் ஆனது. அந்த ரப்பரை உலகுக்கு அனுப்பிய நிலங்களில் இதுவும் ஒன்று. பிற்காலத்தில் அதே தோட்டத்து மக்கள் கிள்ளான், கோலாலம்பூர், சுங்கை பூலோ ஆஸ்பத்திரிகளின் அறுவை அறைகளுக்கு நோயாளிகளாகச் சென்றார்கள்.

சொற்கள்

தமிழில் மேலை மருத்துவத்துக்குச் சொல் தேடியவர்களில் முன்னவர் யாழ்ப்பாணம் மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவி அவர் வெளியிட்ட 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இல் வந்தது. யாழ்ப்பாணத் தமிழர் பலர் பின்னர் மலாயாவுக்குக் கிராணிகளாகவும் ரயில்வே ஊழியராகவும் ஆஸ்பத்திரி உதவியாளராகவும் வந்தார்கள். ஆனால் அந்நூலின் கலைச்சொற்கள் தோட்டத்துப் பேச்சில் வேரூன்றவில்லை. அங்கே வழங்கியவை 'மயக்க ஊசி', 'தொண்டையில டியூப்பு விட்டாங்க', 'குரல் கம்மிப்போச்சு' என்பன போன்ற சொற்களே. மருத்துவர் 'சதைமுளை' என்பதை நோயாளி 'தொண்டையில ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு' என்கிறார். நோய் பெரும்பாலும் இந்த இரண்டாவது வாக்கியமாகத்தான் மருத்துவரிடம் வந்து சேர்கிறது. ஆகவே அச்சொற்களையும் இக்கட்டுரை கணக்கில் கொள்கிறது.

தொடக்கக் காலம்

கழுத்தைத் துளைத்து மூச்சுவழி அமைப்பது பழைய மருத்துவர்கள் அறிந்ததே. ஆந்திரேயாஸ் வெசாலியஸ் 1543-இல் விலங்கின் மூச்சுக்குழலில் நாணற்குழல் வைத்து ஊதிக் காட்டினார். 1854-இல் பாட்டுக் கற்பிக்கும் ஆசிரியர் மானுவல் கார்சியா கண்ணாடித்துண்டைக் கொண்டு தன் குரல்நாண்கள் அசைவதைக் கண்டார்.

மயக்கத்துக்காக வாய் வழியே குழாய் செருகிய முதல்வர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் கிளாஸ்கோவின் வில்லியம் மாக்கீவன். நாள் 1878 ஜூலை 5. நோயாளிக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்று. கழுத்தைத் துளைக்காமல், விழித்திருந்த அவரது தொண்டைக்குள் விரல் விட்டுத் தடவிப் பார்த்தே உலோகக் குழாயைச் செலுத்தி, அதன் வழியே குளோரோபார்ம் கொடுத்தார் மாக்கீவன். சாவுக்கூடத்தில் பிணங்களின் மேல் முன்னரே பழகியிருந்தார். பின்னொரு நோயாளி குழாயைப் பொறுக்கமாட்டாமல் பிடுங்கிவிட்டு, குளோரோபார்ம் முகமூடியின் கீழ் இறந்துபோனார். அதன்பின் மாக்கீவன் இம்முறையைத் தொடரவில்லை. அவருக்கு முன்பே, 1869 முதல், ஜெர்மானியர் டிரெண்டலன்பர்க் கழுத்துத் துளை வழியே பலூன் கட்டிய குழாய் வைத்திருந்ததால், 'முதல்வர்' என்ற பட்டம் எதை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.

செருகல் காயத்தை ஒரு நோயாகவே முதலில் எதிர்கொண்டவர் நியூயார்க் மருத்துவர் ஜோசப் ஓ'டுவையர். அவர் குழாய் செருகியது மயக்கத்துக்காக அன்று; தொண்டை அடைப்பான் நோயால் மூச்சு முட்டிச் சாகும் குழந்தைகளுக்காக. 1885-இல் வெற்றி கண்டார். நாள்கணக்கில் உள்ளே இருந்த குழாய் குரல்வளையைப் புண்ணாக்கியது, சில குழந்தைகளுக்குக் குழாயை எடுக்கவே முடியாமல் போயிற்று. உலோகக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து சதையை அறுப்பதைக் கண்டு, கெட்டி ரப்பரில் குழாய் செய்து பார்த்தார். தடிமன், நீளம், வளைவு என ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் செதுக்கினார். குழாயின் உருவமும் பொருளுமே காயத்தைத் தீர்மானிக்கின்றன என்ற பாடம் அவரிடமிருந்து தொடங்குகிறது.

அல்ஃப்ரெட் கிர்ஸ்டைன் 1895-இல் குரல்வளையை நேராகப் பார்க்கும் கருவியைச் செய்தார். காசல் நகரின் ஃபிரான்ஸ் கூன் வளையும் உலோகக் குழாய்களைக் கையாண்டு 1911-இல் நூல் எழுதினார். அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன் குரல்வளை நோக்கியைச் செம்மைப்படுத்தினார்.

சிவப்பு ரப்பர்க் காலம்

முதல் உலகப்போரில் முகம் சிதைந்த படைவீரர்கள் இங்கிலாந்தின் சிட்கப் நகரில் இருந்த குயின்ஸ் ஆஸ்பத்திரியில் குவிந்தார்கள். ஹரால்ட் கில்லிஸ் அவர்களுக்குப் புதிய மூக்கும் தாடையும் அமைத்தார். அறுவை நடக்கும் இடமே முகமாக இருந்ததால் மயக்க முகமூடிக்கு இடமில்லை. இளம் மருத்துவர்களான ஐவன் மேகிலும் ஸ்டான்லி ரோபாதமும் தொண்டைக்குள் குழாய் விடுவதை அங்கேதான் அன்றாட வேலையாக மாற்றினார்கள். முதலில் காற்றை உள்ளே அனுப்ப ஒன்று, வெளியே எடுக்க ஒன்று என இரண்டு மெல்லிய குழாய்கள். பின்னர் நோயாளி உள்ளும் புறமும் மூச்சு விடக்கூடிய அகலமான ஒரே குழாய்.

அந்தக் குழாய் ரப்பர். நீளமான ரப்பர்க் குழாயை வாங்கி, பிஸ்கட் டின்னுக்குள் சுருட்டி வைத்து வளைவு ஏறச் செய்து, நுனியைச் சாய்வாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கி மேகில் பயன்படுத்தினார் என்று சொல்லப்படுகிறது. தொண்டையின் வளைவுக்கு ஏற்ற ஒரு வளைவை டின்னில் கண்ட அந்தக் கைத்திறன் மறக்கத்தக்கதன்று. கனிமப்பொடி கலந்து கந்தகத்தால் கெட்டிப்படுத்திய அந்தச் செங்காவி நிறக் குழாய் 'மேகில் குழாய்' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. 1920-இல் அவர் வடிவமைத்த இடுக்கியும் அவர் பெயராலேயே இன்றும் அறுவை அறைகளில் இருக்கிறது.

குழாயைச் சுற்றிக் காற்று கசியாமலிருக்க வேண்டும். எச்சிலும் இரத்தமும் நுரையீரலுக்குள் இறங்காமலும் இருக்க வேண்டும். இதற்காக அமெரிக்காவின் ஆர்தர் கெடல், ரால்ஃப் வாட்டர்ஸ் இருவரும் 1928-இல் கஃப் என்னும் ஊதக்கூடிய காற்றுப்பையை ரப்பர்க் குழாயில் பொருத்தினார்கள். கெடல் தம் முதல் கஃப்களைச் செய்யக் கையுறையின் விரல்களையும் வெட்டிப் பயன்படுத்தினார். தம் கண்டுபிடிப்பை நிறுவ, ஒரு நாயை மயக்கி, கஃப் வைத்த குழாயைச் செருகி, தண்ணீர்த்தொட்டிக்குள் முழுகவைத்துப் பார்வையாளர் முன் காட்டினார்கள். மயக்கம் தெளிந்ததும் நாய் எழுந்து உடலைச் சிலிர்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அதற்கு 'ஏர்வே' என்று பெயரிட்டு வாட்டர்ஸ் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

நீரைத் தடுத்த அந்தக் காற்றுப்பைதான் பின்னாளில் மிகக் கொடிய காயத்துக்கும் காரணமாயிற்று. சிவப்பு ரப்பர்க் கஃப் சிறியது, விறைப்பானது. மூச்சுக்குழலை அடைக்க அதை அழுத்தி ஊத வேண்டும். மூச்சுக்குழலின் உட்தோலில் ஓடும் நுண்ணிய இரத்தக்குழாய்களின் அழுத்தத்தைக் கஃபின் அழுத்தம் மிஞ்சினால் இரத்த ஓட்டம் நின்று, தோல் செத்து, குருத்தெலும்பு வெளித்தெரியும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கும். நோயாளி வீட்டுக்குப் போய்ச் சில வாரமோ மாதமோ கழித்து, மாடி ஏறும்போது மூச்சு இரைகிறது என்று வருவார். இடைவெளி நீண்டுவிடுவதால் ஆஸ்துமா என்று நினைத்து வேறு வைத்தியம் நடப்பதும் உண்டு.

குரல்வளையில் காயம் விழும் இடமும் இதே காலத்தில் தெளிவானது. வளைந்த குழாய் நேராக நிமிர முயன்று குரல்வளையின் பின்பக்கத்தை அழுத்துகிறது. அங்கே அரிட்டினாய்டு குருத்தெலும்பின் கூர்முனையை மூடியிருப்பது மெல்லிய தோல் மட்டுமே. தோல் உரிந்த இடத்தில் வாரங்கள் கழித்துச் சதைமுளை கிளம்பும். மயக்கக் குழாய்க்குப் பின் இப்படி வந்த சதைமுளையை முதலில் எழுதியவர் கிளாசன், ஆண்டு 1932. ஜாக்சன் 1953-இல் இத்தகைய குரல்வளைக் கேடுகளைத் தொகுத்து எழுதினார். ஆண்களைவிடப் பெண்களிடம் இது மிகுதி. சிறிய குரல்வளைக்குப் பெரிய குழாய் என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம்.

1942 ஜனவரி 23 அன்று மான்ட்ரியலில் ஹரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் கியூராரே என்னும் தசை தளர்த்தியை மயக்கத்தில் பயன்படுத்தினர். அதற்கு முன் ஈதரை ஆழமாகக் கொடுத்து, பாதி இறுகிய குரல்நாண்களுக்கு இடையே குழாயைத் தள்ள வேண்டியிருந்தது. தளர்த்தி வந்தபின் முரட்டுத்தனம் குறைந்தது. கூடவே, குழாய் செருகும் அறுவைகள் பலமடங்கு பெருகின. குரல்வளை நோக்கிக்கு மில்லரின் நேர் அலகு 1941-இலும் மேக்கின்டாஷின் வளைந்த அலகு 1943-இலும் வந்தன. 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பியோர்ன் இப்சன் யோசனைப்படி மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். குழாய் வழியே தரும் செயற்கை மூச்சு மணிக்கணக்கிலிருந்து வாரக்கணக்காக நீண்டது அதன் பிறகுதான்.

சிவப்பு ரப்பர்க் குழாய் ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் பொருளன்று. கழுவி, கொதிக்கவைத்து, மீண்டும் மீண்டும் செருகுவார்கள். நாளாக ஆக ரப்பர் விறைத்தது, வெடித்தது, மடங்கியது. கழுவிய மருந்தின் மிச்சமும் ரப்பரில் கலந்த வேதிப்பொருளும் தோலை எரிச்சலூட்டின. 1969-இல் வெளிவந்த ஸ்வீடன் மருத்துவர் லிண்ட்ஹோமின் நீண்ட ஆய்வும், அதே ஆண்டு பாஸ்டனில் கூப்பர், கிரில்லோ இருவரும் கஃப் அழுத்தத்தால் மூச்சுக்குழல் சிதைவதைக் காட்டிய ஆய்வும் ரப்பர்க் காலத்தின் முடிவை நெருங்கவைத்தன.

ரப்பர் வந்த நிலம்

1920களில் உலக இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போயிற்று. கோலசிலாங்கூர் மாவட்டத்தில் சிலாங்கூர் ஆற்றின் இருகரையிலும் காடு அழித்துத் தோட்டங்கள் எழுந்தன. பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் நட்டார். 1917-இல் தென்னமாரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தவரும் அவரே. தமிழ்த் தொழிலாளரையும் தோட்ட வாழ்வையும் வைத்து அவர் எழுதிய 'மலேசி' நாவல் 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் அமைந்தது; அதன் பரிசோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில்.

விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, உளியும் வாளியுமாக நிரைக்குள் நுழைந்து, மங்கு என்னும் கிண்ணத்தில் வடிந்த பாலைச் சேர்த்து, ஸ்டோரில் அமிலம் ஊற்றி உறையவைத்து, உருட்டி, புகைவீட்டில் காயப்போட்ட ஷீட்டுகள் கப்பலேறின. ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் தனியாகப் போயின. வந்து சேரும் இடத்தில் எல்லாத் தோட்டத்து ரப்பரும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகையால் ஒரு மேகில் குழாயைக் கையில் எடுத்து இது இன்ன தோட்டத்துப் பால் என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் அதைச் சுரந்த மரங்களில் கணிசமானவற்றைச் சீவிய கைகள் தமிழ்க் கைகள்.

தோட்ட ஆஸ்பத்திரிகள்

1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், வடிகால் வெட்டி மலேரியாவைக் கட்டுப்படுத்தி, 1911-இல் அதைப்பற்றி நூல் எழுதினார். விரிந்த இரண்டாம் பதிப்பு 1921-இல் வந்தது. தோட்டந்தோறும் குழந்தைகளின் வயிற்றைத் தடவி, மலேரியாவின் அடையாளமான மண்ணீரல் வீக்கத்தைக் கணக்கெடுத்த பதிவுகள் அதில் உண்டு. அக்காலத் தோட்ட மருத்துவ எழுத்தின் கவனம் மலேரியா, வயிற்றுப்போக்கு, கொக்கிப்புழு ஆகியவற்றிலேயே இருந்தது. சாவு அங்கிருந்துதான் வந்தது என்பதால் அது இயல்பே.

தோட்ட ஆஸ்பத்திரியில் அன்றாடம் இருந்தவர் டிரசர். தொழிலாளர் அவரை 'டிரசரய்யா' என்றார்கள். வெளியூர் டாக்டர் குறித்த நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். புண் கட்டுவது, கொயினா கொடுப்பது, கட்டியைக் கீறுவது டிரசரின் வேலை. பெரிய அறுவை வேண்டியவரை லாரியிலோ வேனிலோ ஏற்றி நகரத்துக்கு அனுப்புவார்கள். அன்றைய சிறு அறுவைகளில் வழங்கிய மயக்கமுறை, கம்பிச்சட்டத்தில் துணி விரித்து முகத்தின்மேல் வைத்து ஈதரையோ குளோரோபார்மையோ சொட்டுச் சொட்டாக விடுவது. அதில் தொண்டைக்குள் எதுவும் போவதில்லை. ஆகவே செருகல் காயத்துக்கும் இடமில்லை. அதற்கே உரிய ஆபத்து வேறு: இதயம் நிற்பது, வாந்தி நுரையீரலில் இறங்குவது. குளோரோபார்மின் ஆபத்தைப்பற்றி ஐதராபாத்தில் 1888-இலும் 1889-இலும் மருத்துவர் எட்வர்ட் லாரி கூட்டிய குழுக்கள் உலகப் புகழ்பெற்றவை.

1941-இல் கிள்ளானில் தொடங்கி சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் முறையான மருத்துவ வசதியும் ஒன்று. துரைமார் முன் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமையும் அதே பட்டியலில் இருந்தது. படையினர் சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தார்கள்.

விடுதலைக்குப்பின் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் பதிவுச் சட்டம் 1965-இல் வந்தது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலமும் மயக்க மருத்துவர்களின் சங்கமும் உருப்பெற்றது 1960களிலேயே. பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் பேராசிரியராக விளங்கிய ஏ. இ. டெலில்கன் அத்துறையை வளர்த்த தலைமுறையைச் சேர்ந்தவர். தோட்ட ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகச் சிறுத்து மூடப்பட, நோயாளிகள் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மாறினார்கள். கோலசிலாங்கூர் மாவட்டத்துக்குத் தஞ்சோங் காராங்கிலும், வடக்கே சபாக் பெர்ணத்திலும் மாவட்ட ஆஸ்பத்திரிகள் உள்ளன. பெரிய அறுவைகளுக்குக் கிள்ளானின் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியும், 2006 முதல் சுங்கை பூலோவும்.

குழாய் செருக நேர்வதற்குத் தோட்டப்புறத்துக்கே உரிய ஒரு காரணத்தையும் குறிப்பிட வேண்டும். ரப்பரிலும் செம்பனையிலும் களைக்கொல்லி தெளிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்துவந்தார்கள். அவற்றுள் ஒன்றான பராகுவாட் வாய்க்குள் போனால் நாக்கையும் தொண்டையையும் புண்ணாக்கி நுரையீரலை இறுக்கிவிடும். பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி உடலில் ஏறினால் மூச்சுத்தசைகள் செயலிழந்து, நாள்கணக்கில் குழாயோடு செயற்கை மூச்சில் கிடக்க நேரும். அப்படிப் பிழைத்தவருக்கு வரும் குரல்வளைப் புண் அறுவைக்கான குழாயால் வந்ததன்று. ஆனால் காயத்தின் இயல்பும் இடமும் ஒன்றே. மலேசியா பராகுவாட்டுக்கு 2002-இல் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடுத்தது.

பிளாஸ்டிக் குழாய்

1960களிலும் 70களிலும் மலேசியத் தோட்டங்கள் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தபோது, அறுவை அறைகளும் ரப்பரைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் காரணத் தொடர்பு இல்லை; காலம் மட்டும் ஒன்றிவந்தது. ரப்பருக்கு மாற்றாக வந்த பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் ஒருமுறை பயன்பாட்டுக்கானது. ஒளி ஊடுருவும், உடற்சூட்டில் இளகித் தொண்டையின் வளைவுக்கு இணங்கும். அதன் கஃப் பெரியது, மெல்லியது. குறைந்த அழுத்தத்திலேயே மூச்சுக்குழலை நிறைக்கும். மூச்சுக்குழல் சுருக்கம் கண்கூடாகக் குறைந்தது.

ஆனால் மெல்லிய கஃபையும் மிகையாக ஊதினால் அது பழைய கஃபைப் போலவே நடந்துகொள்ளும். 1984-இல் சீகோபினும் வான் ஹாசெல்ட்டும் அறுவையிலிருந்த 40 நோயாளிகளின் மூச்சுக்குழலை உள்நோக்கியால் பார்த்தார்கள். கஃப் அழுத்தம் 30 சென்டிமீட்டர் நீரளவைத் தாண்டியதும் உட்தோல் வெளிறத் தொடங்கியது. மயக்கத்துக்குத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு கஃபுக்குள் ஊடுருவி, அறுவை நடக்க நடக்க அழுத்தத்தை ஏற்றும் என்பதும் தெரியவந்தது. விரலால் பலூனைத் தொட்டுப் பார்த்து அழுத்தம் சரி என்று முடிவுசெய்யும் பழக்கம் நம்பத்தக்கதன்று. அழுத்தமானி சிறிய கருவிதான். அது எல்லா அறுவை அறையிலும் இருக்க வேண்டும்.

கணக்கெடுப்புகள்

1978-இல் லியூப்லியானாவைச் சேர்ந்த கம்பிச்சும் ராட்செலும், அறுவைக்காகக் குழாய் செருகப்பட்ட 1000 பேரின் குரல்வளையைச் சோதித்து, 6.2 விழுக்காட்டினரிடம் குறிப்பிடத்தக்க காயம் கண்டார்கள். பெரும்பான்மை குரல்நாண் இரத்தக்கட்டு. ஆந்திரத்தில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி, நோயாளியை வாய் திறந்து நாக்கை நீட்டச்சொல்லி, தொண்டையின் எந்தப் பகுதிகள் தெரிகின்றன என்பதைக் கொண்டு குழாய் செருகுவது கடினமா என்று முன்கூட்டி மதிப்பிடும் முறையை 1985-இல் விரிவாக வெளியிட்டார். இன்று மயக்க மருத்துவர் எவரும் அறுவைக்கு முன் செய்யும் சோதனை அது.

அமெரிக்காவில் முடிவடைந்த இழப்பீட்டு வழக்குகளைத் திரட்டிய கேரன் டாமினோ குழுவின் 1999 ஆய்வு இத்துறையின் அடிப்படை ஆவணம். 4460 வழக்குகளில் 266 மூச்சுவழிக் காயங்கள். குரல்வளை 33 விழுக்காடு, தொண்டை 19, உணவுக்குழல் 18. உணவுக்குழலும் மூச்சுக்குழலும் கிழிந்தவை பெரிதும் கடினமான செருகல்களைச் சேர்ந்தவை. குரல்வளைக் காயங்களிலோ ஏறத்தாழ ஐந்தில் நான்கு, சிரமமே இல்லாத வழக்கமான செருகலுக்குப் பின் வந்தவை. இந்த ஒரு செய்திதான் இப்பொருளில் மிக முக்கியமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எளிதாக முடிந்த மயக்கத்துக்குப்பின் நோயாளியின் குரலை யாரும் கவனித்துக் கேட்பதில்லை. காயம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மென்கே குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வு தசை தளர்த்தியின் பங்கைக் காட்டியது. 73 நோயாளிகள். தளர்த்தி இன்றிச் செருகப்பட்டவர்களில் 44 விழுக்காட்டினருக்குக் குரல் கம்மியது. தளர்த்தி பெற்றவர்களில் 16 விழுக்காட்டினருக்கு. மயக்கத்தின்போது நேரும் மூச்சுவழிச் சிக்கல்களை ஆராய்ந்த பிரிட்டனின் நான்காம் தேசியத் தணிக்கை 2011-இல் வந்தது. ஆண்டுக்கு 29 லட்சம் பொது மயக்கங்களில் கடுமையான மூச்சுவழிச் சிக்கல் ஏறத்தாழ 22,000-க்கு ஒன்று என அது மதிப்பிட்டது. மலேசியச் சுகாதார அமைச்சு அறுவையைச் சுற்றிய இறப்புகளை 1992 முதல் ஆராய்ந்துவருகிறது. அது இறப்பைக் கணக்கிடும் ஏற்பாடு. உயிரோடு வீடு திரும்பியவரின் கம்மிய குரல் அதன் வரம்புக்குள் வராது.

கருத்து வேறுபாடுகள்

குழந்தைகளுக்குக் கஃப் இல்லாத குழாயே ஏற்றது என்பது நெடுநாள் விதி. குழந்தையின் குரல்வளை புனல்போலக் குறுகி, குரல்நாண்களுக்குக் கீழுள்ள கிரிக்காய்டு குருத்தெலும்பு வளையத்தில் மிகச் சிறுக்கும் என்பது அதன் அடிப்படை. 1951-இல் எக்கன்ஹாஃப் இக்கருத்தை நிலைநிறுத்தினார். 2003-இல் லிட்மன் குழு உயிருள்ள குழந்தைகளை எம்.ஆர்.ஐ. படமெடுத்து, மிகக் குறுகிய இடம் குரல்நாண் மட்டத்திலேயே இருக்கிறது என்றது. இப்போது அழுத்தத்தை அளந்து பயன்படுத்தும் கஃப் குழாய்கள் குழந்தைகளுக்கும் பரவலாகியுள்ளன. பழைய விதியை விடாதவர்களும் இருக்கிறார்கள்.

நீண்டநாள் செயற்கை மூச்சில் இருப்பவருக்கு எப்போது கழுத்தில் துளையிட்டுக் குழாயை மாற்றுவது என்பதும் தீராதது. ஏழு முதல் பத்து நாள் என்பது பலர் சொல்லும் கணக்கு. பிரிட்டனின் டிராக்மேன் ஆய்வு 2013-இல், முன்கூட்டியே துளையிடுவதால் இறப்பு குறையவில்லை என்றது. குரல்வளையைப் பொறுத்தவரை அது கடைசிச் சொல் அன்று. கஃப் அழுத்தத்தின் மேல்வரம்பை 25 சென்டிமீட்டர் நீரளவு என்பாரும் 30 என்பாரும் உள்ளனர்.

அண்மைக் காலம்

ஆர்ச்சி பிரெய்ன் 1981-இல் உருவாக்கத் தொடங்கிய குரல்வளை முகமூடி, குரல்நாண்களைத் தாண்டாமலே மூச்சுவழி தருவதால் பல சிறு அறுவைகளில் குழாய்க்கு மாற்றாகியுள்ளது. 2001 முதல் வந்த வீடியோ நோக்கிகள் செருகலை எளிதாக்கின. மருத்துவரின் கண் திரையில் இருக்கையில், விறைப்பான கம்பி ஏற்றிய குழாய் அண்ணத்தையோ தொண்டைச் சுவரையோ துளைத்த சம்பவங்களும் பதிவாகியுள்ளன. 2020-இல் கோவிட் பெருந்தொற்றின் முதன்மை ஆஸ்பத்திரியாகச் சுங்கை பூலோ இயங்கியது; நீண்ட செயற்கை மூச்சுக்குப் பிந்திய மூச்சுக்குழல் சுருக்கம் உலகெங்கும் மீண்டும் பேசப்பட்டது. இப்பகுதியில் முன்பு தோட்டமாயிருந்த புஞ்சாக் ஆலாமில் இன்று மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் போதனா மருத்துவமனை நிற்கிறது.

நோயாளிக்கு

அறுவைக்குப் பின் ஓரிரு நாள் தொண்டை வலிப்பது வழக்கம். கழுத்திலோ மார்பிலோ தோலுக்கடியில் காற்றுக் குமிழ் நொறுங்குவதுபோல் தோன்றினாலும், விழுங்கும்போது கடுமையாக வலித்துக் காய்ச்சல் கண்டாலும், மூச்சு இழுக்கும்போது சீறல் கேட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். குரல் கம்மலுக்கான அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2018 வழிகாட்டி, பொதுவாக நான்கு வாரம்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்றாலும், அண்மையில் குழாய் செருகப்பட்டவருக்குக் காத்திராமல் குரல்வளையைப் பார்க்கச் சொல்கிறது. ஆகவே கிளினிக்கில் மலாயில் 'சுவாரா செராக்' (குரல் கம்மல்) என்று மட்டும் சொல்லி இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எந்த மாதம், எந்த அறுவை, தொண்டையில் எத்தனை நாள் டியூப் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.